அப்பாவுக்கு வலது பக்கக் குடலிறக்கம்: திறந்து செய்வதா, லேப்ரோஸ்கோப்பியா?

பவானிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 63. வலது பக்கம் அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பில் எட்டு மாதமாக ஒரு புடைப்பு. நின்றாலும் இருமினாலும் எலுமிச்சை அளவுக்கு வெளியே வருகிறது, படுத்தால் தானாக உள்ளே போய்விடுகிறது. வலி என்று பெரிதாக இல்லை. சாயங்காலம் ஆனால் இழுத்துப் பிடிப்பது போல ஒரு கனம் இருக்கிறது என்கிறார். மளிகைக் கடையில் நாள் முழுக்க நிற்கிற வேலை. சர்க்கரை 9 வருடமாக உண்டு, எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 8.4. தினம் ஒரு கட்டு பீடி, அதனால் காலையில் இருமல். ராத்திரியில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், கூடவே ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார்.

ஒரு சர்ஜன் முதுகில் ஊசி போட்டு, திறந்து, மெஷ் (செயற்கை வலை) வைத்துத் தைக்கலாம் என்றார். இன்னொருவர் லேப்ரோஸ்கோப்பிதான் (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்வது) நல்லது என்றார். சொந்தக்காரர் ஒருவர் பெல்ட் கட்டினாலே போதும், மெஷ் உடம்புக்குள் போனால் வாழ்நாள் முழுக்க வலி என்கிறார். உடனே செய்ய வேண்டுமா, தள்ளிப் போடலாமா? எதைத் தேர்ந்தெடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அறுவை_அரங்கு பதில்:

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது விரை வயிற்றுக்குள் உருவாகி, வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அது வந்த பாதை ஏறக்குறைய 4 செ.மீ. நீளமுள்ள ஒரு சாய்வான சந்து. அதன் வழியாகத்தான் விந்துக்குழாயும் விரைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் ஒரு கயிறு போலச் சேர்ந்து போகின்றன. இந்தச் சந்தின் உள்வாசல் அகன்று, அதன் வழியே குடலோ கொழுப்போ இறங்கினால் அது இன்டைரக்ட் ஹெர்னியா (ஹெர்னியா என்பது குடலிறக்கம்தான்). சந்தின் பின்சுவரே நைந்து முன்னால் பிதுங்கினால் டைரக்ட். 63 வயதில், இருமலும் முக்கலும் உள்ளவருக்கு இரண்டில் எதுவும் இருக்கலாம். சிகிச்சை ஒன்றுதான் என்பதால் அதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: புடைப்பு அந்த மடிப்புக்கு மேலேயா, கீழேயா? மடிப்புக்குக் கீழே, தொடையின் உள்பக்கமாக வந்தால் அது ஃபெமோரல் ஹெர்னியாவாக இருக்கலாம். அதன் வாசல் குறுகலானது, ஓரங்கள் விறைப்பானவை. குடல் மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோகும் வாய்ப்பு அதில் மிக அதிகம், காத்திருக்கவே கூடாது. ஆண்களை விடப் பெண்களுக்கு இந்த வகை அதிகம். அதனால்தான் ஒரு பெண்ணுக்குத் தொடை இடுக்கில் புடைப்பு என்றால் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்வதில்லை.

அப்பாவுக்கு இருப்பது சாதாரண இங்குவினல் ஹெர்னியா (மடிப்புக்கு மேலே வரும் வகை) என்று கையால் பார்த்தே சர்ஜன் சொல்லியிருப்பார். நிற்க வைத்து, இருமச் சொல்லிப் பார்த்தால் போதும். புடைப்பு தெளிவாகத் தெரிகிற இடத்தில் சி.டி. ஸ்கேன் தேவையில்லை.

திறந்து செய்வது. உலகம் முழுக்க அதிகம் நடப்பது லிக்டென்ஸ்டைன் முறை. 5, 6 செ.மீ. கீறல். கயிறைத் தூக்கி ஒதுக்கி, குடலோடு இறங்கிய சவ்வுப் பையைப் பிரித்து உள்ளே தள்ளிவிட்டு, பின்சுவரின் மேல் பாலிபுரோப்பிலீன் மெஷ்ஷை விரிப்பார்கள். அளவு 7.5 × 15 செ.மீ. மெஷ்ஷின் ஒரு முனையைக் கத்தரித்து இரண்டு வால் போல ஆக்கி, கயிறைச் சுற்றி ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுத் தைப்பார்கள். அதுவே புதிய உள்வாசல்.

இதில் எங்கே தப்பு நடக்கும் என்பதுதான் முக்கியம். நடுப்பக்கத்தில் இடுப்பு எலும்பின் முடிச்சு ஒன்று உண்டு. மெஷ் அந்த முடிச்சைத் தாண்டி 2 செ.மீ. படர வேண்டும். முடிச்சோடு நிறுத்திவிட்டால், ஹெர்னியா திரும்ப வருவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். அதே நேரம் தையல் ஊசி எலும்பின் மேல்தோலைக் குத்திப் பிடித்தால், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி நின்றுவிடும். மெஷ் நாளடைவில் கொஞ்சம் சுருங்கும். ஆகவே அதை விறைப்பாக இழுத்துத் தைக்காமல் லேசாகத் தொய்வு விட்டு வைக்க வேண்டும். மூன்று சிறு நரம்புகள் அந்த வழியாகப் போகின்றன. அவற்றை அடையாளம் கண்டு விலக்கி விடுகிற சர்ஜனின் நோயாளிக்கும், கண்ணில் படாமலே தையலில் பிடித்துவிடுகிற சர்ஜனின் நோயாளிக்கும் பின்னால் வரும் வலி ஒன்றாக இருக்காது.

லேப்ரோஸ்கோப்பி. மூன்று சிறு துளைகள். டெப் முறையில் வயிற்றுக்குள் நுழையாமல், வயிற்றுச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவிலேயே இடம் உண்டாக்கிக்கொண்டு போவார்கள். டாப் முறையில் வயிற்றுக்குள் போய், உள் சவ்வைத் திறந்து, மெஷ் வைத்து, சவ்வைத் திரும்ப மூடுவார்கள். இரண்டிலும் மெஷ் ஓட்டைக்குப் பின்னால் உட்காரும். குறைந்தது 10 × 15 செ.மீ. வேண்டும். இருமும்போது வயிற்றின் அழுத்தமே மெஷ்ஷைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும் என்பதால் தையல் அதிகம் தேவையில்லை. சிறிய மெஷ் வைப்பதும், கீழ் ஓரம் மடங்கிக் கிடப்பதும்தான் இங்கே திரும்ப வரக் காரணம். டாக் எனப்படும் திருகு போன்ற பின்களைத் தவறான இடத்தில், அதாவது கீழ்ப்புறம் நரம்புகளும் பெரிய ரத்தக்குழாயும் போகிற பகுதியில் அடித்தால் கடுமையான வலியோ ரத்தக்கசிவோ வரும்.

லேப்ரோஸ்கோப்பியில் சீக்கிரம் நடமாடலாம், நீண்ட நாள் வலியும் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் ஹெர்னியா இருந்தால் அதே துளைகள் வழியாகவே முடிக்கலாம். முன்பு திறந்து செய்து திரும்ப வந்தவர்களுக்கு அது தெளிவாக மேல். ஆனால் கற்றுத் தேற நீண்ட காலம் பிடிக்கும் வேலை. நூறு பேருக்குச் செய்து பழகிய கையும் பத்துப் பேருக்குச் செய்த கையும் ஒன்றல்ல. வழக்கமாக முழு மயக்கம் வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும், முதல் தடவை, 63 வயது, புகை பிடித்த நுரையீரல். இந்த நிலையில் இரண்டுமே சரியான வழிதான். ‘எந்த முறை’ என்று கேட்பதை விட, ‘இதே முறையில் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர், மூன்று மாதத்துக்குப் பிறகும் வலி என்று வந்தவர்கள் எத்தனை பேர்’ என்று இரண்டு சர்ஜன்களிடமும் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவரிடம் அவருக்குக் கைவந்த முறையில் செய்துகொள்ளுங்கள்.

---

மயக்கமருந்து பதில்:

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் படுவது ஹெர்னியா இல்லை. ராத்திரி மூன்று நான்கு தடவை எழுவதும், 8.4 சர்க்கரையும், பீடியும்தான்.

அறுபது தாண்டிய ஆணுக்குச் சிறுநீர் முக்கிப் போக வேண்டியிருந்தால் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கமாக இருக்கலாம். முக்கல்தான் ஹெர்னியாவைத் தள்ளுகிறது. அதைச் சரி செய்யாமல் தைத்தால் அதே அழுத்தம் தையலின் மேல் விழும். தவிர, ஸ்பைனல் (முதுகில் போடும் மரப்பு ஊசி) போட்ட அன்று ராத்திரி சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட வேண்டி வருவதும் இவர்களுக்குத்தான். ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்து, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். யூரோஃப்ளோ சோதனையில் சிறுநீர் வரும் வேகம் விநாடிக்கு 10 மி.லி.க்குக் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்க நிறைய வாய்ப்பு. யூராலஜி டாக்டர் டாம்சுலோசின் போன்ற மாத்திரையில் சரி செய்து பார்ப்பார், பிறகு ஹெர்னியாவுக்குப் போகலாம். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்தைக் காட்டும்) ரத்தப் பரிசோதனையையும் முன்னாலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். லேப்ரோஸ்கோப்பி மெஷ் புராஸ்டேட்டை ஒட்டிய அடுக்கில் உட்காரும். பின்னால் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை எடுக்க நேர்ந்தால் அந்த இடம் ஒட்டிப்போய் வேலை கடினமாகிவிடும். சர்க்கரை உள்ளவர் ராத்திரி எழுவதற்குச் சர்க்கரையே காரணமாகவும் இருக்கலாம், டாபாகிளிஃப்ளோசினும் சிறுநீரை அதிகமாக்கும். எல்லாம் புராஸ்டேட்தான் என்று முடிவு கட்ட வேண்டாம்.

எச்.பி.ஏ.1சி 8க்குக் கீழே வந்தால் நல்லது, புண் பழுக்கும் பயம் குறையும். பீடியைக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். முதல் நாள் நிறுத்துவது போதாது.

மாத்திரை விஷயம் கவனம். டாபாகிளிஃப்ளோசின் வகையை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். பட்டினியோடு அது சேர்ந்தால், சர்க்கரை அளவு ரொம்ப ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். குளுக்கோமீட்டரைப் பார்த்து ‘சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிடுவது இதில்தான் நடக்கிறது. இதை அட்மிஷனில் கேட்கிறார்களோ இல்லையோ, நீங்களே சொல்லுங்கள். 75 ஆஸ்பிரினை வழக்கமாக நிறுத்துவதில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரல் சாப்பிடுபவராக இருந்தால் கதை வேறு, இதய டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

திட உணவு 6 மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. டீ, காபியில் பால் இருப்பதால் அது தண்ணீர்க் கணக்கில் வராது.

இன்னொரு வழியும் உண்டு, நம் ஊரில் குறைவாகவே கேட்கிறோம்: அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து திறந்து மெஷ் வைப்பது. இதயம், நுரையீரல் பலவீனமானவர்களுக்கு இது மிக நல்லது. சிறுநீர் அடைப்பு ரொம்பக் குறைவு, அன்றே வீட்டுக்குப் போகலாம். மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது: லிக்னோகெயின் தனியாக என்றால் கிலோவுக்கு 4.5 மி.கி., அட்ரினலின் கலந்தால் 7 மி.கி. வரை. பழக்கமுள்ள சர்ஜன் வேண்டும். அவசரக் கைக்கு இது சரிப்படாது.

---

பவானிக்கரை:

மிக்க நன்றி. யூராலஜி பக்கம் யோசிக்கவே இல்லை. அப்படியென்றால் இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போவதில் ஆபத்து இல்லையா? அதுவரை பெல்ட் கட்டலாமா? மெஷ் பயத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள், வீட்டில் அதுதான் பெரிய பேச்சாக இருக்கிறது.

---

அறுவை_அரங்கு:

இந்த வகையில், வலி அதிகமில்லாத ஆணுக்கு, இரண்டு மூன்று மாதம் தள்ளுவது பாதுகாப்பானதே. 2006இல் அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு முடிவு வந்தது. காத்திருந்தவர்களில் குடல் மாட்டி அவசரமாக ஓட வேண்டிவந்தது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது, பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பேர் எப்படியும் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி கூடியதால். ஆகவே தயார்ப்படுத்திக்கொள்ளத் தள்ளிப்போடுங்கள், மறந்துவிடத் தள்ளிப்போட வேண்டாம். வருடக்கணக்கில் விட்டு விரைப்பை வரை இறங்கிய பிறகு வந்தால், கீறல் பெரிது, ரத்தக்கட்டு அதிகம், ஆறவும் நாளாகும்.

பெல்ட் ஓட்டையை மூடாது. குடல் வெளியே இருக்கும்போது மேலே பெல்ட்டை இறுக்கினால், நசுங்குவது குடல்தான். நாள்பட்ட அழுத்தத்தில் அந்த இடத்துத் திசு நைந்து ஒட்டிப்போகும், பின்னால் பிரிப்பது சிரமம். ஆபரேஷனே செய்ய முடியாத உடல்நிலை உள்ளவருக்கு, படுத்தபடி புடைப்பை முழுதாக உள்ளே அனுப்பிவிட்டுக் கட்டுவதற்கு மட்டும்தான் அது. எண்ணெய், மூலிகைப் பற்று, உடற்பயிற்சி எதுவும் அந்த ஓட்டையை மூடாது. பெரியவர்களுக்கு ஹெர்னியா தானாக ஆறாது. (குழந்தையின் தொப்புள் ஹெர்னியா வேறு, அது பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். அதன் மேல் காசு வைத்துக் கட்ட வேண்டாம், தோல் வெந்து புண்ணாகும்.)

மெஷ்: பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் ஏதோ ஒரு அளவில் வலி என்பவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கு இருக்கிறார்கள். அதில் பெரும்பாலோருக்கு அது எப்போதாவது சுருக்கென்று வந்து போவது. அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வருவது சிலருக்கே. ஆனால் மெஷ் இல்லாமல் திசுவை இழுத்துத் தைத்தாலும் நரம்பு அதே இடத்தில்தான் இருக்கிறது, வலி அதிலும் வரும். இழுத்துத் தைக்கும் முறையை 1880களில் இத்தாலியின் பாசினி கொண்டுவந்தார். நூறு வருடம் உலகமே அதைத்தான் செய்தது. இரண்டு ஓரமும் விறைப்பாக இழுபட்டுக் கிடப்பதால் இருமும்போது தையல் அறுத்துக்கொண்டு, அதிகம் பேருக்குத் திரும்ப வந்தது. இழுக்காமல் ஒட்டுப்போடலாமே என்று அமெரிக்க சர்ஜன் லிக்டென்ஸ்டைன் 1984இல் தொடங்கியதும் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. உடம்பு மெஷ்ஷின் கண்களுக்குள் தன் நாரை வளர்த்து அதைச் சுவராக்கிக்கொள்கிறது.

மெஷ் வேண்டவே வேண்டாம் என்றால் நான்கு அடுக்காகத் தைக்கும் கனடாவின் ஷோல்டைஸ் முறை உண்டு, நோயாளியின் சொந்தத் தசைத்தகட்டின் ஒரு பட்டையையே ஒட்டாக வைக்கும், புனே டாக்டர் தேசர்தாவின் முறையும் உண்டு. அதிலேயே கைதேர்ந்தவர் கிடைத்தால் நல்ல முறைகள். சும்மா ‘மெஷ் இல்லாமல் தைத்துவிடுங்கள்’ என்று பழக்கமில்லாதவரிடம் கேட்பது தப்பு.

விலை உயர்ந்த மெஷ்ஷுக்கு மயங்காதீர்கள். சாதாரண தட்டையான பாலிபுரோப்பிலீன் போதும். லேசான எடை மெஷ் தொடக்கத்தில் கொஞ்சம் சுகமாக இருக்கலாம், நாள் கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை. ஓட்டைக்குள் சொருகும் பிளக் வகைகளைத் தவிருங்கள். உகாண்டாவில் கிருமிநீக்கம் செய்த கொசுவலைத் துணியையும் கம்பெனி மெஷ்ஷையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில் ஒரு வருட முடிவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அந்த மலிவு மெஷ் யோசனை மகாராஷ்டிரத்தின் சிற்றூர் ஒன்றில் வேலை செய்த டாக்டர் டோங்காவ்கர் முன்னெடுத்தது. விலையை விட வைக்கிற கையும் இடமும்தான் கணக்கு.

---

வார்டு_அக்கா பதில்:

ஆபரேஷனுக்கு முந்தின பேச்சு நிறைய வந்துவிட்டது. பிறகு வரும் போன் எல்லாம் இந்த நாலைந்து விஷயத்துக்குத்தான்.

முதல் நாள் ரேசரால் வீட்டில் சவரம் செய்து அனுப்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி ஏறும். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள்.

இரண்டாம் மூன்றாம் நாள் விரைப்பையும் ஆணுறுப்பின் அடியும் கறுத்து வீங்கும். மேலே கசிந்த ரத்தம் கீழே இறங்குவதுதான் அது, பயப்பட வேண்டாம். இறுக்கமான உள்ளாடை அல்லது லங்கோடு, படுக்கும்போது அடியில் மடித்த துண்டு, போதும். ஆனால் சில மணி நேரத்திலேயே பெரிதாகிக்கொண்டே போனாலோ, விரை மட்டும் தாங்க முடியாமல் வலித்தாலோ உடனே வர வேண்டும்.

ஒரு வாரம் பத்து நாளில் பழைய இடத்திலேயே உருண்டையாக ஒன்று தெரியும். ‘திரும்ப வந்துவிட்டது’ என்று அழுதுகொண்டே வருவார்கள். பெரும்பாலும் ஹெர்னியா இருந்த வெற்றிடத்தில் நீர் கோத்திருப்பதுதான். இருமினால் துள்ளாது, படுத்தாலும் உள்ளே போகாது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தானாக வற்றும். ஊசி போட்டு உறிஞ்சச் சொல்லிக் கேட்காதீர்கள், கிருமி மெஷ்ஷுக்குப் போய்விடும்.

வலிக்கு பாராசிட்டமால் 650 மி.கி. மாத்திரையை முதல் மூன்று நாள் 6 மணிக்கு ஒரு தடவை, வலி வரும்வரை காத்திருக்காமல் கொடுங்கள். கல்லீரல் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டு. டிராமடால் என்ற வலி மாத்திரை கொடுத்திருந்தால் மலம் கட்டும். அன்றைக்கே இசப்கோலோ லாக்டுலோஸோ தொடங்குங்கள். தரைக் கழிப்பறையில் உட்காருவதால் தையல் பிரியாது. அங்கே உட்கார்ந்து முக்குவதுதான் கெடுதல்.

எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்து, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். இருமல் வந்தால் தையல் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு இரும வேண்டும். அன்று சாயங்காலமே நடக்கலாம், மாடிப்படியும் ஏறலாம். கடையில் நிற்பது ஒரு வாரம், பத்து நாளில் முடியும். மூட்டையும் சிலிண்டரும் நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து, மெதுவாக. பைக் எப்போது என்றால், வலியில்லாமல் சட்டென்று பிரேக்கை மிதிக்க முடிகிற அன்று. சில ஆஸ்பத்திரிகளில் மூன்று மாதம் படுத்தே இரு என்பார்கள், அது தேவையில்லாத பயம். படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும்.

---

கவுண்டர்_எண்_4 பதில்:

பணம் பற்றி யாரும் சொல்லவில்லை. தனியார் மெடிக்ளெய்ம் என்றால் பாலிசியை இப்போதே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பாலிசிகளில் ஹெர்னியாவுக்கு 24 மாதக் காத்திருப்பு இருக்கும். புதிதாக எடுத்து உடனே செய்தால் கிளெய்ம் நிற்காது. புடைப்பு எட்டு மாதமாக இருப்பது டாக்டர் சீட்டில் எழுதியிருக்கும், அதை மறைத்துப் பாலிசி எடுத்தால் மொத்தமும் போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அந்த ஆஸ்பத்திரியில் ஹெர்னியா பேக்கேஜ் உண்டா, லேப்ரோஸ்கோப்பி அதில் வருமா, மெஷ்ஷுக்குத் தனியாகக் கேட்பார்களா என்ற மூன்றையும் அட்மிஷனுக்கு முன்னால் காப்பீட்டு வார்டு மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் திறந்து மெஷ் வைப்பது தினசரி நடக்கும் வேலை.

---

பவானிக்கரை:

யூராலஜிக்கு திங்கள்கிழமை அழைத்துப் போகிறேன். பீடியை இன்றிலிருந்தே நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசியாக ஒன்று: இந்த இடைப்பட்ட மாதங்களில் எதைப் பார்த்தால் உடனே ஓட வேண்டும்?

---

மயக்கமருந்து:

வழக்கமாக உள்ளே போகிற புடைப்பு போகாமல் கெட்டியாகிவிடுவது, வலி விட்டுவிடாமல் இருப்பது, வாந்தி, வயிறு உப்பல், காற்றே பிரியாமல் போவது, மேல்தோல் சிவப்பது. இதில் முதலாவதோடு இன்னொன்று சேர்ந்தாலே 24 மணி நேர சர்ஜரி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ரத்தம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதற்குள் போனால் குடலை விடுவித்துத் தைத்து அனுப்பலாம், தாண்டினால் குடலையே வெட்டி இணைக்க வேண்டி வரும். வீட்டில் யாரும் பலமாக அழுத்தி உள்ளே தள்ளக்கூடாது, வாசலோடு சேர்ந்து மாட்டிய குடலும் உள்ளே போய், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அழுகும். போகும் வழியில் தண்ணீரோ டீயோ கொடுக்காதீர்கள். மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும், டாபாகிளிஃப்ளோசின் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை முதலில் சொல்லுங்கள்.